செக்கரின் ஜன்னல்

அண்ணி கைப்பேசியில் காட்டிய படத்தில் எல்லாம் அம்சமாக இருந்தது. செங்கல் அடுப்பு, அதற்கு மேல் தோள் குறுகி உயரும் புகைபோக்கி, இரண்டு பக்கமும் கருங்கல் மேடை, ஓரத்தில் கை கழுவ ஒரு தொட்டி, கீழே விறகு அடுக்க வளைவு வைத்த இரண்டு பொந்துகள். அடுப்பைச் சுற்றி நாலைந்து பேர் கையில் தட்டோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதே மாதிரி வேணும் தம்பி. சிரிக்கிறதுக்கு ஆள் நான் பாத்துக்கறேன். நீங்க அடுப்பைக் கட்டிக் குடுத்தா போதும்."

சின்னவனுக்கு அதுதான் பிழைப்பு. வீடு கட்டுகிறவர்கள் வேலையை முடித்துக்கொண்டு போன பிறகு, வெளியே மிஞ்சிக் கிடக்கும் இடத்தை ஒழுங்குபண்ணுகிறவன் அவன். நடைபாதைக்குக் கல் பதிப்பான், செடிக்குப் பாத்தி கட்டுவான், சாயங்காலம் உட்கார மேடை போட்டுக் கொடுப்பான். கொஞ்ச காலமாக ஊரில் எல்லோருக்கும் தோட்டத்தில் நின்று கறி சுட்டுச் சாப்பிடும் ஆசை வந்துவிட்டது. வாடிக்கையாளர் முன்னால் அதை பார்பெக்யூ என்பான். கூட வரும் கொத்தனாரிடம் சுடுற அடுப்பு என்பான். வயது நாற்பதைத் தாண்டி, முன்மண்டை வழுக்கை விழுந்த பிறகும் குடும்பத்தில் அவன் சின்னவன்தான். பெரியவன் காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். தோட்டம் வைத்த இந்த வீடு பெரியவனுடையது.

பின்தோட்டம் ரொம்பப் பெரிதில்லை. சமையலறைக் கதவைத் திறந்தால் சாம்பல் நிறக் கல் பாவிய சதுரத் தளம். அதைத் தாண்டிப் புல். புல்லுக்கு அப்பால் மதில். மதிலில், பின் சந்துக்குத் திறக்கும் சின்ன இரும்புக் கதவு. அடுப்பு எங்கே வேண்டும் என்று சின்னவன் கேட்டான். சமையலறையை அடுத்த சுவரை அண்ணி காட்டினாள்.

அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்குள் அப்பா இருந்தார்.

அப்பா பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குச் செக்கர் என்றுதான் பெயர். நடுச்சாலையில் வண்டியை மறித்து ஏறினால், எந்த முகத்தில் திருட்டு முழி இருக்கிறது என்று படியில் நின்றே சொல்லிவிடுவாராம். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியை உச்சி வெயிலில் இறக்கிவிட்டதை ஒருநாள் வீட்டில் பெருமையாகச் சொன்னார். அம்மா அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை. அம்மாவும் போய், அவரே குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பும் போன பிறகு, பெரியவன் வீட்டுப் பின்னறையில் ஜன்னலை ஒட்டி அவருக்குக் கட்டில் போட்டார்கள். காலையில் முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தால் இருட்டும்வரை பணியில் இருப்பார். பால்காரர் தாமதமாக வந்தாரா, எலுமிச்சைச் செடிக்குத் தண்ணீர் விட்டார்களா, அண்ணி யாரோடு போனில் பேசினாள், பேசும்போது சிரித்தாளா எல்லாம் அவருக்குத் தெரியும். பெரியவன் அலுவலகத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அறிக்கை போய்விடும்.

"என்னடா அளக்கிறே?" என்று கம்பிக்குள்ளிருந்து கேட்டார்.

"ஒரு மேடைப்பா."

"மேடைக்குத் தரையை அளப்பாங்க. நீ சுவத்தை அளக்கிறே."

சின்னவன் நாடாவைச் சுருட்டிக்கொண்டு அடுத்த பக்கம் போய்விட்டான்.

அவன் முதலில் வரைந்த படத்தில் அடுப்பு தோட்டத்தின் கோடியில், இரண்டு மதில்கள் சேரும் மூலையில் இருந்தது. இரண்டு கையையும் விரித்தாற்போல மேடை. மேடை முடியும் இடத்தில் நாலு பேர் உட்காரத் திண்டு. வண்ணப் பென்சிலால் செங்கல் நிறம்கூடத் தீட்டியிருந்தான். அண்ணி அதைப் பார்த்துவிட்டு அழகாக இருக்கிறது என்றாள். பிறகு, தண்ணீர்க் குழாய் இந்தப் பக்கம்தானே இருக்கிறது, சமையலறையிலிருந்து பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் யார் நடப்பது, மழை வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். குழாயை இழுத்துக்கொள்ளலாம், மேலே கூரை போடலாம் என்று அவனும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். அவள் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அண்ணனிடம் பேசிக்கொள்ளுங்கள் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவனிடம் பேசினான். பெரியவன் தளத்தில் நாற்காலி போட்டுக் காலில் நகம் வெட்டிக்கொண்டிருந்தான். அப்பா உள்ளே தூங்குகிறார் என்று உறுதிசெய்துகொண்டுதான் சின்னவன் ஆரம்பித்தான். அந்தச் சுவரில் அடுப்பு வைத்தால் ஜன்னலை அடைக்க வேண்டும், புகைபோக்கி நேராக அந்த இடத்தில்தான் ஏறும், அப்பாவுக்குப் பொழுதே அந்த ஜன்னல்தான் என்றான்.

பெரியவன் நகவெட்டியைக் கீழே வைத்தான்.

"ஆறு வருஷமா அவரைக் கழுவித் துடைக்கிறது யாரு?"

"நான் அதைச் சொல்லலண்ணா."

"நான் அதைத்தான் சொல்றேன். என் பொண்டாட்டி இந்த வீட்ல இதுவரைக்கும் இது வேணும்னு ஒண்ணும் கேட்டதில்ல. இதைக் கேக்கறா. ஞாயித்துக்கிழமை ஆரஞ்சுப் பழத்தோட வந்து அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போறவன் ஜன்னலைப் பத்திப் பேசக்கூடாது. அவருக்கு ஏசி போட்டுத் தர்றேன், டிவி மாட்டித் தர்றேன். அதெல்லாம் பத்தாது, ஜன்னல்தான் வேணும்னா நீ கூட்டிட்டுப் போ. உன் வீட்ல எத்தனை ஜன்னல் இருக்கோ அத்தனையிலயும் உக்கார வச்சு அழகு பாரு."

பெரியவன் நகவெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த விரலுக்குப் போனான்.

சின்னவன் குடியிருந்தது மூன்றாம் மாடியில், வாடகைக்கு. இரண்டு அறை. ஒன்றில் மனைவியின் அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். இன்னொன்றில் தையல் இயந்திரமும் துணிக் குவியலும் போக மிச்ச இடத்தில் அவர்கள் இருவரும். அன்று சாப்பிடும்போது மனைவியிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் சண்டை போடவில்லை. கூட்டிக்கொண்டு வாருங்கள், என் அம்மாவை எங்கே வைப்பது என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தட்டைக் கழுவிக்கொண்டே, தன் அப்பாவைப் பற்றிப் பேசினாள். கல்யாணமான புதிதில், எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தபோது, அவர் மகளைப் பார்த்துவிட்டுப் போக வந்து மூன்று நாள் தங்கியிருந்தார். நாலாம் நாள் காலை, காபி குடித்துக்கொண்டிருந்த மனிதரிடம், "எந்த ஸ்டாப்ல இறங்கறதா உத்தேசம்?" என்று செக்கர் கேட்டார். அவர் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மகள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

"அதை நான் மறந்துட்டேன்னு நினைச்சீங்களா?" என்றாள்.

அவன் மாடிப்படியைப் பற்றி ஏதோ சொன்னான். இடுப்பு உடைந்த மனிதரை இந்தப் படியில் எப்படி ஏற்றுவது என்றான். அதுவும் உண்மைதான். ஆனால் படி இல்லாவிட்டாலும் கூட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டான் என்று அவனுக்குத் தெரியும். விவரம் தெரிந்த நாள் முதல் அந்தக் கண்ணுக்குத் தப்பித்து வாழத்தான் அவன் பழகியிருந்தான்.

இன்னொரு படம் வரைந்தான். அடுப்பைச் சுவரிலேயே வைத்து, நாலடி தள்ளி, புகைபோக்கியைச் சாய்த்துத் திருப்பி, பாதி ஜன்னலாவது மிஞ்சும்படி. அதை எடுத்துக்கொண்டு ஒரு மத்தியானம் போனான். அப்பா சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். அண்ணி சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"பாதி வேண்டாம் தம்பி. முழுசா அடைச்சிடுங்க."

"ஏன் அண்ணி? அடுப்புக்கு இடம் தாராளமா இருக்கே."

அவள் எழுந்துபோய்ப் பின்னறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

அவளுக்கு ஒரு தங்கை உண்டு. புருஷனை விட்டுவிட்டு வேறொருவரோடு போய்விட்டவள். அவள் இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று பெரியவன் சொல்லியிருந்தது சின்னவனுக்கும் தெரியும். மிச்சம்தான் தெரியாது.

"வாசலைத்தானே மிதிக்கக் கூடாதுன்னார். அவ பின்னால அந்தச் சின்னக் கதவு வழியா வருவா. உங்கண்ணன் ஆபீஸ்ல இருக்கிற நேரமாப் பாத்து, வாரத்துல ஒரு நாள். சாப்பிடுவா, எங்கிட்டத் தலை பின்னிக்குவா, கொஞ்ச நேரம் தூங்குவா, போயிடுவா. வேற ஒரு தப்பும் இல்ல. மாமா பாத்துட்டார்னு தெரிஞ்சதும் நான் அவர் காலைத் தொட்டுக் கேட்டேன். சொல்ல மாட்டேம்மான்னார். அடுத்த வாரம் மத்தியானம் உங்கண்ணன் வந்து நிக்கிறார். அவ இதோ இந்த இடத்துல உக்காந்து பாதிச் சாப்பாட்டுல இருந்தா. எந்திரின்னார். கையைக் கழுவக்கூட விடல. எச்சிக் கையோட அந்தக் கதவைத் தாண்டிப் போனா தம்பி. மாமா ஜன்னல்ல உக்காந்து அவ போறதையே பாத்துக்கிட்டு இருந்தார். நான் அழுதுக்கிட்டு உள்ள போறேன், 'அடுப்புல என்னமோ தீயற வாடை வருது, பாரு'ங்கறார்."

வெங்காயத்தோலை ஒன்றுசேர்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"நான் அவரை ஒரு வார்த்தை கேக்கல. மூணு வேளையும் கையில எடுத்துக் குடுக்கறேன், பீ மூத்திரம் அள்ளறேன். அதுல குறை வைக்கல, இனியும் வைக்க மாட்டேன். எனக்கு அந்த ஜன்னல் மட்டும் வேண்டாம்."

"அண்ணனுக்கு இது தெரியுமா?"

"எனக்கு அடுப்பு வேணும்னு மட்டும் அவருக்குத் தெரியும்."

அண்ணி சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் தனக்கு எவ்வளவு வசதியாக வந்து சேர்ந்திருக்கிறது என்பதையும் சின்னவன் உணராமல் இல்லை. இரண்டாவது படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டு வந்தான்.

அப்பாவிடம் அவன்தான் சொல்ல வேண்டியிருந்தது. முடிவான படத்தோடு போய்க் கட்டிலில் அவர் காலடியில் உட்கார்ந்தான். அவர் படத்தை வாங்கி, டிக்கெட்டைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். மறுபடி முன்பக்கம்.

"இதுல என் ஜன்னல் எங்க?"

"இல்லப்பா."

"யாரோட ஏற்பாடு? உங்கண்ணனா, அவளா?"

யாரைச் சொன்னாலும் அன்று சாயங்காலமே வீட்டில் போர் மூளும், போர் முடியும்போது இந்தக் கட்டில் தன் வீட்டு மாடிப்படியில் ஏறும் என்று சின்னவனுக்குத் தோன்றியது. "நான்தான்ப்பா. இடம் இதுதான் தோதா இருக்கு" என்றான்.

அப்பா அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் எத்தனையோ பேர் பைக்குள் கைவிட்டுத் துழாவியிருப்பார்கள். ஆனால் அவர் எதையும் கண்டுபிடித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"உன் தொழிலு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். படத்தைத் திருப்பிக் கொடுத்தார். வெளியே தெரிந்த மதிலையும் எலுமிச்சைச் செடியையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உன் வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் பாத்து இருக்கு?" என்று கேட்டார்.

"ரோட்டுப் பக்கம்ப்பா." ஒரு நிமிஷம் கழித்து, "ஆனா மூணு மாடி ஏறணும்" என்றான்.

"சும்மா கேட்டேன்."

வேலை தொடங்கிய அன்று அப்பாவை நாற்காலியோடு தூக்கி முன்கூடத்தில் வைத்தார்கள். பெரியவன் சொன்ன சொல் தவறாமல் புது டிவி வாங்கி மாட்டியிருந்தான். அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் அதில் வரவில்லை, நிறுத்து என்றார்.

கடப்பாரையால் நெம்பி ஜன்னல் சட்டத்தைச் சேதமில்லாமல் எடுத்தார்கள். கொத்தனார் விளிம்பைக் கொத்திச் சீராக்கித் தண்ணீர் அடித்தார். அடிவரி வைத்து, நூல் பிடித்து, வரிசை வரிசையாகச் செங்கல் ஏறியது. அறைக்குள் தரையில் விழுந்திருந்த வெயில் கட்டிலின் மேல் ஏறி, சுவரில் ஒட்டி, ஒரு கீற்றாகி நின்றது. கடைசி வரிசைக்கு முன்னால் கொத்தனார் கரண்டியை வைத்துவிட்டு, மேலே ஒரு செங்கல் அளவாவது துவாரம் விடலாமா, காற்றாவது போகுமே என்று கேட்டார். சின்னவன் யோசித்தான். துவாரம் விட்டால் புகை உள்ளே போகும், சூடும் போகும். வேண்டாம், மூடிவிடுங்கள் என்றான்.

அதற்குப் பிறகு அவன் வேலையில் இறங்கினான். அடுப்புச் சூடு அறைக்குள் இறங்கக் கூடாது என்று பழைய சுவருக்கும் அடுப்புக்கும் நடுவே கையகலம் காற்றுக்கு இடம்விட்டு இன்னொரு சுவர் எழுப்பினான். நெருப்பு படும் இடத்துக்குத் தீச்செங்கல்லைத் தானே தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் தட்டி ஓசை பார்த்து வைத்தான். கம்பி வலையை மூன்று உயரத்தில் மாற்றிப் போடும்படி பக்கச் சுவரில் இரும்புத் துண்டுகள் பதித்தான். சாம்பல் வாரும் தட்டு சத்தமில்லாமல் வழுக்கி வந்து போனது. நடுவில் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்குள் குனிந்து உட்கார்ந்து, புகைபோக்கியின் கழுத்தை இரண்டு முறை பிரித்துக் கட்டினான். கொத்தனாருக்கே அலுத்துவிட்டது. யாரும் ஏறி உள்ளே பார்க்கப் போவதில்லை, போதும் என்று சொல்லிப் பார்த்தார். சின்னவன் கேட்கவில்லை. இவ்வளவு கவனமாக அவன் எந்த வேலையும் செய்ததில்லை. ஏன் என்று கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது.

ஈரம் காயச் சின்னச் சின்னதாக நெருப்புப் போட்டுப் பார்த்தார்கள். புகை எங்கும் தேங்காமல், கையால் இழுத்துவிட்டது போல நேராக மேலே போனது.

திறப்பு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது. பெரியவன் அலுவலகத்து ஆட்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். உப்பும் மிளகும் பூண்டும் தடவி ஊறவைத்த கோழித் துண்டுகள், முழு மீன், சோளக்கதிர், தோலோடு உருளைக்கிழங்கு. சின்னவன் மனைவி வரவில்லை. அம்மாவை விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லியனுப்பியிருந்தாள். பெரியவன் இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் தம்பியைத் தோளில் கைபோட்டு அறிமுகப்படுத்தினான். பொய்யான பெருமை இல்லை அது. உண்மையாகவே மகிழ்ந்திருந்தான். அண்ணி புதுப் புடவையில் சோளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண் அடிக்கடி மதில் பக்கம் போய் வருவதைச் சின்னவன் பார்த்தான்.

தங்கச்சியிடம் பேசினீர்களா என்று மெதுவாகக் கேட்டான்.

பேசினேன் என்றாள். ஜன்னல் இல்லை, இனி யாரும் பார்க்க மாட்டார்கள், அவர் இல்லாத நேரமாகப் பார்த்து வா என்று சொல்லியிருக்கிறாள். தங்கை, "ஒளிஞ்சு வந்து சாப்பிட்டதெல்லாம் போதும்க்கா" என்று போனை வைத்துவிட்டாளாம்.

"புகை கண்ணுல பட்டுடுச்சு" என்று அண்ணி முந்தானையால் துடைத்துக்கொண்டாள். புகை அந்தப் பக்கமே வரவில்லை.

அவளே ஒரு தட்டில் மீனை எடுத்து, முள் நீக்கி, உருளைக்கிழங்கை மசித்து வைத்து, மாமாவுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றாள்.

பின்னறையில் குழல்விளக்கு எரிந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கட்டில் அதே இடத்தில் கிடந்தது. அப்பா அதே மாதிரி தலையணையில் சாய்ந்து, புதுச் சுண்ணாம்பு அடித்த சுவருக்கு நேரே உட்கார்ந்திருந்தார். சின்னவன் தட்டை மடியில் வைத்தான். ஒரு வாய் எடுத்து மென்றார். மீன் நன்றாக வெந்திருக்கிறது என்றார். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். அவன் சொன்னான். எத்தனை குழந்தைகள் என்று கேட்டார். அதையும் சொன்னான்.

"ஆரம்பிச்சாச்சா?"

"அப்பவே ஆரம்பிச்சாச்சுப்பா. எல்லாரும் சுத்தி நின்னு சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. பசங்க ஓடிப் பிடிச்சு விளையாடுதுங்க."

அப்பா கையை நீட்டிச் சுவரைத் தொட்டார். உள்ளங்கையை அப்படியே வைத்திருந்தார். கல் சில்லென்று இருந்திருக்கும்.

"ஆளுங்க மூஞ்சி தெரியாட்டியும் பேச்சாவது காதுல விழும்னு நினைச்சேன்" என்றார். கையை எடுத்து மறுபடி தட்டில் வைத்தார். "நல்லாக் கட்டியிருக்கே. ஒரு சத்தம்கூட வரல."

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை சின்னவன் நின்றான். வாயைத் துடைத்துவிட்டான். தண்ணீர் கொடுத்தான். விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டான். மணி என்ன ஆகிறது என்று அவர் கேட்டார். ஆறு ஆகிறது, வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது என்றான். அப்படியானால் எரியட்டும் என்றார்.

வெளியே வந்ததும் அண்ணி அருகில் வந்தாள். அவள் முகத்தில் அத்தனை நாளும் இல்லாத ஒரு பயம் இருந்தது.

"என்ன சொன்னார் தம்பி?"

அவன் காலித் தட்டை அவளிடம் கொடுத்தான். "நல்லாக் கட்டியிருக்கேன்னு சொன்னார்."

அவள் அவனைப் பார்த்தாள். நம்ப வேண்டும் என்று முடிவு செய்தவள் போலத் தலையாட்டினாள். பெரியவன் காதில் அது விழுந்துவிட்டது. இடுக்கியை உயர்த்திக்கொண்டு, "கேட்டுக்கங்க, எங்கப்பா பாராட்டியிருக்கார். ஆயுசுல ஒருத்தனைப் பாத்து நல்லா இருக்குன்னு சொல்லாத மனுஷன்" என்றான். நாலு பேர் கைதட்டினார்கள். யாரோ கோழித் துண்டு வைத்த ஒரு தட்டைச் சின்னவன் கையில் கொடுத்தார்கள். சின்னவன் அதைச் சாப்பிட்டான். பதமாக வெந்திருந்தது.

பெரியவனின் மேலதிகாரி, நரைத்த மீசைக்காரர், அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். புகைபோக்கியைத் தட்டினார், சாம்பல் தட்டை இழுத்து மூடினார். பிறகு சின்னவனைத் தனியாகக் கூப்பிட்டு, தன் வீட்டிலும் பின்பக்கம் இதே மாதிரி ஒரு சுவர் இருக்கிறது, சும்மாதான் கிடக்கிறது, ஒருநாள் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்.

அந்தச் சுவரில் ஜன்னல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தான் சின்னவன்.

"எப்ப வரட்டும் சார்?" என்று கேட்டான்.